பிரதேல் வீட்டு எருக்குழி

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் பிடித்த மழை பிப்ரவரி பிறந்தும் விடவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையாக இருந்தால்கூடத் தாங்கலாம். இது காலையில் மூடுபனி, மத்தியானம் தூறல், சாயங்காலம் மறுபடி மூடுபனி என்று விக் சமவெளி முழுவதையும் ஈரத்துணியில் பொதிந்தாற்போல வைத்திருந்தது. கோதுமை வயலில் இறங்கினால் பூட்ஸ் சேற்றிலேயே நின்றுகொள்ளும், கால் மட்டும் மேலே வரும்.

என் டேங்கர் இரண்டரை மாதமாகக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. பன்றிப் பண்ணைகளின் எருநீரை உறிஞ்சிக்கொண்டு போய் வயலில் விடுவது என் தொழில். இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். கொட்டிலில் விழும் சாணமும் மூத்திரமும் கழுவும் தண்ணீரும் தரையின் இடுக்குகள் வழியே இறங்கி, வெளியே இருக்கும் சிமெண்டுக் குழியில் சேரும். மக்காச்சோளம் விதைக்கும் முன்னால் அளவாக விட்டால் அதைவிட நல்ல உரம் கிடையாது. குளிர்காலத்தில், ஊறிப்போன மண்ணில் விட்டால் பயிருக்கு ஒன்றும் சேராது. பாதி ஓடைக்கு ஓடும். மீதி பாறை இடுக்குகளில் இறங்கி ஊற்றுக்குப் போய்ச் சேரும். எங்கள் பக்கத்து ஊற்றுகளில் ‘குடிக்க உதவாது’ என்று பலகை மாட்டியிருப்பது அதனால்தான். அதில் என் டேங்கருக்கும் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில் சொலேர் வீட்டுச் செகிமோன் போன் செய்தான். வண்டி வேண்டாம், நீ மட்டும் வந்து பார் என்றான்.

செகிமோனுக்கு அப்போது அறுபத்தொரு வயது. அறுநூறு பன்றி வளர்க்கிறான். மலைச்சரிவில், சமவெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி ரெமேய் ஆறு வருஷமாக, வளைந்து இறங்கும் சாலையில் மூன்று கிலோமீட்டர் கீழே, பிரதேல் என்கிற தன் பிறந்த வீட்டில் அண்ணன் ஜெனீஸோடு இருக்கிறாள். விவாகரத்து, வழக்கு என்று எதுவும் கிடையாது. சந்தையில் பார்த்தால் இருவரும் நின்று பேசுவார்கள். சாவு வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். பிறகு அவள் கீழே போவாள், அவன் மேலே போவான்.

நான் போனபோது அவன் குழியின் விளிம்பில் நின்றிருந்தான். ஜனவரி புயலில் குழியின் மேல் போட்டிருந்த விரிப்பு கிழிந்து, ஒரு பாதி ஓக் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகப் பெய்த மழையெல்லாம் நேராகக் குழிக்குள். போதாததற்குச் சரிவிலிருந்து வழிகிற தண்ணீரும் ஒரு மூலையில் உள்ளே இறங்கியிருந்தது. விளிம்புக்கு நாலு விரல்தான் பாக்கி. உள்ளே அறுநூறு பன்றிகள் தின்றுகொண்டே இருந்தன. அவற்றுக்கு மழை தெரியாது.

மண் காயும்வரை யாரும் வயலில் விடக்கூடாது என்பது சட்டம். அக்கம்பக்கத்துக் குழிகளைப் பற்றி அவன் ஏற்கெனவே விசாரித்திருந்தான். எல்லாம் நிரம்பி நின்றன. வானிலை அறிக்கையில் சனிக்கிழமை பெரிய மழை என்று வேறு போட்டிருந்தார்கள். குழி வழிந்தால் அது ஓடப்போவது அவனுடைய மேட்டுவயல் வழியாகத்தான். மேட்டுவயலுக்கு நேர் கீழே, பாறைக்கு அடியில்தான் பிரதேல் வீட்டு ஊற்று.

நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன்.

“பனி இப்படி இருக்கறப்ப எவன் பாக்கப் போறான்? மேட்டுவயல்ல ஆறு நடை. பத்து மணிக்குள்ள முடிச்சுக் கழுவி விட்றலாம். மொத்தமா வழியறதுக்கு அது மேல்.”

அவன் தொங்கின விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “போன தடவையும் இதையேதான் சொன்ன, ஒலெகேர்.”

“நீயும் சரின்ன.”

“ஆமா. நானும் சரின்னேன்.”

போன தடவை என்பது ஆறு வருஷத்துக்கு முன்பு. அதுவும் பிப்ரவரிதான். குழி நிரம்பியிருந்தது. மறுநாள் புதுப் பன்றிக்குட்டிகள் இறங்க வேண்டும். மூடுபனியில் நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க நான்தான் மேட்டுவயலில் ஓட்டினேன். பின்னால் தகட்டில் மோதி விசிறியடிக்கிற பழைய டேங்கர். பதினொரு நடை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வருஷாவருஷம் அன்றைக்குப் பிரதேல் ஊற்றடியில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் கூடுவார்கள், சாக்லேட் பானம் காய்ச்சுவார்கள், குழந்தைகள் ஓடைக்கரையில் விளையாடும். ரெமேயின் வீட்டார் மூன்று தலைமுறையாக நடத்துகிற விழா. அந்தக் காலையில் ஊற்றுக் குழாயில் தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. நாற்றம் எல்லாருக்கும் தெரிந்த நாற்றம். ஜனங்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு கலைந்து போயிருக்கிறார்கள்.

ரெமேய் வீட்டுக்கு வந்து செகிமோனிடம் கேட்டாள், மேட்டுவயலில் விட்டாயா என்று. அவன் இல்லை என்று சொன்னான். மேலே வேறு யாருடைய நிலமாவது இருக்கும் என்றான். அவள் மேட்டுவயலுக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். தண்ணீரைக் கெடுத்ததைக்கூட மன்னித்திருப்பாள் என்றுதான் எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் செகிமோன் செய்ததெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தது. முதலில் குழிக்கு விரிப்புப் போட்டான், மழைநீர் சேராமல் இருக்க. பன்றிகள் குடிக்கிற குழாய்களை மாற்றினான். சொட்டிச் சொட்டிக் குழிக்குப் போன தண்ணீர் பாதியாகக் குறைந்தது. தன் டேங்கரில் விசிறியடிக்கிற தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மண்ணைத் தொட்டுத் தொங்குகிற ரப்பர் குழாய்கள் வைத்த நீளக்கம்பி வாங்கினான். அதில் விட்டால் நாற்றமும் குறைவு, தழைச்சத்து காற்றில் போவதும் குறைவு. ஓடைக்கரையில் பன்னிரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒன்றும் விடாமல் புல்லும் புதரும் வளரவிட்டான். சோளம் அறுத்ததும் நிலத்தை வெறுமையாகப் போடாமல் குளிர்காலப் புல் விதைத்தான். மண்ணில் மிச்சம் இருக்கிற சத்தைப் புல் குடித்துக்கொள்ளும், மழை கழுவிக்கொண்டு போகாது. மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து விக் நகரத்தில் பரிசோதனைக்குக் கொடுப்பான். ரெமேய் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஊற்றுக்கு வழி. அவள் ஜன்னலில் தெரிந்தால் தொப்பியைத் தொடுவான். அவ்வளவுதான்.

எருவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்கலாம். பிரதேல் ஊற்றில் நூற்றெண்பதில் இருந்தது ஆறு வருஷத்தில் நூற்று முப்பதுக்குத்தான் இறங்கியிருந்தது. என்றைக்கோ ஊற்றினது இன்னும் பாறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, நீங்கள் இன்றைக்கு நிறுத்தினாலும் அது வந்து தீர வருஷக்கணக்கில் ஆகும் என்று பரிசோதனைக்கூடத்துப் பெண் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு அவன் என் வீட்டுக்கு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை அவன் வேண்டாம் என்றபோது நான் வற்புறுத்தவில்லை. வேறு வழி என்ன என்று இருவரும் யோசித்தோம். இருவருக்கும் ஒரே எண்ணம்தான். வாயைத் திறந்தது நான். பிரதேலில் ஜெனீஸ் முதுகுவலி தாளாமல் பன்றிகளை விட்டு ஐந்து வருஷமாகிறது. அவன் குழி காலி. முந்நூறு கன மீட்டர் பிடிக்கும்.

“நீ போய்க் கேளு” என்றான்.

“அது உன் பொண்டாட்டி வீடு.”

“அதுக்குத்தான் உன்னைச் சொல்றேன்.”

போனேன். ரெமேய் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயத்தாளின் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, உயரமான பெண், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிக்கொண்டிருப்பாள். ஜெனீஸ் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன்தான் முதலில் பேசினான்.

“பன்னிய ஒழிச்சுட்டு இப்பத்தான் நிம்மதியா மூச்சு விடறேன். இப்பப் பன்னி வராம அது பேண்டது மட்டும் வருதா?”

ரெமேய் சிரிக்கவில்லை. குழி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, விரிப்பு எப்போது கிழிந்தது, சனிக்கிழமை எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அவனுக்கு வாய் இல்லையா?”

“கூச்சப்படறான்.”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி இல்லாத கூச்சமா? அவனையே வரச் சொல்லு.”

மத்தியானம் வந்தான். சவரம் செய்திருந்தான், தாடையில் வெட்டுக்காயம். வாசலுக்கு வெளியிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தூறல் தலையில் விழுந்தது. ரெமேய் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

“குழி நாலு விரல்ல நிக்குது” என்றான்.

“ஒலெகேர் சொன்னான்.”

“உங்க குழிய ரெண்டு மாசத்துக்குக் கேக்கறேன். மண்ணு காஞ்சதும் உங்க வயலுக்கே விட்டுத் தரேன், சோளத்துக்கு முன்னாடி. மண்ணைப் பரிசோதிச்சு, எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான்.”

“மேட்டுவயல்ல விட்டியா?”

 அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இல்ல” என்றான். பிறகு, “நான் இல்லன்னு சொன்னா உனக்கு அது போதாதுன்னு தெரியும். வந்து பாரு” என்றான்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். என் ஜீப்பில் முன்னால் அவள், பின்னால் அவன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சொலேர் வீட்டு முற்றத்தில் இறங்கினாள். வீட்டைப் பார்க்கவில்லை, நேராகக் குழிக்குப் போனாள். அங்கே கிடந்த கம்பை எடுத்து விளிம்பிலிருந்து அளந்தாள். தொங்குகிற விரிப்பைப் பார்த்தாள். சரிவுத் தண்ணீரைத் திருப்பிவிட அவன் காலையிலிருந்து ஒற்றை ஆளாக வெட்டியிருந்த வாய்க்காலையும் பார்த்தாள். அப்புறம் மேட்டுவயலுக்கு நடந்தாள். நாங்கள் பத்தடி பின்னால் போனோம். கணுக்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று புல் நின்றது. சக்கரத்தடம் ஒன்றுகூட இல்லை. அவள் குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கினாள். வேரோடு ஒரு பிடி மண் வந்தது. அதை மறுபடி அதே இடத்தில் வைத்துக் காலால் அமுக்கினாள்.

திரும்பும்போது காப்பி போடட்டுமா என்று அவன் கேட்டான். இன்னொரு நாள் ஆகட்டும் என்றாள். ஜீப்பில் ஏறும் முன்னால்தான் பதில் சொன்னாள்.

“எங்க குழி அஞ்சு வருஷமாச் சும்மா கெடக்கு. வெடிச்சிருக்கா, என்ன ஏதுன்னு தெரியாது. ஊத்துக்கும் அதுக்கும் எரநூறு மீட்டர்தான். ஒழுகாதுன்னு என் கண்ணால பாத்தப்பறம்தான் ஒரு சொட்டு உள்ள விடலாம். சம்மதமா?”

சம்மதம் என்றான்.

செவ்வாயன்று பிரதேல் குழியில் இறங்கினோம். முள்செடிகள் மூலைமூலையாக முளைத்திருந்தன. அவற்றை வெட்டி, அடியில் கிடந்த பழைய வண்டலைச் சுரண்டி அள்ளியதும் சுவர் தெரிந்தது. வடக்கு மூலையில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழைகிற வெடிப்பு. மழைத் தண்ணீர் குழியில் நிற்காமல் போனது அதனால்தான். ஒரு வேர் அதற்குள் புகுந்து சுவரையே தள்ளியிருந்தது. செகிமோன் ஏணியில் இறங்கி உளியால் வெடிப்பை அகலமாகக் கொத்தினான். ஜெனீஸ் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இப்படிக் கொத்து, அப்படிக் கொத்து என்று யோசனை சொன்னான். ரெமேய் சிமெண்டு குழைத்தாள். சீக்கிரம் இறுகுகிற சிமெண்டு, பத்து நிமிஷத்துக்குள் பூசியாக வேண்டும். அவள் குழைத்து வாளியில் இறக்குவாள், அவன் வாங்கிப் பூசுவான். சரியான பதம் என்றோ, இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்றோ மட்டும் பேச்சு. இருபத்தெட்டு வருஷம் சேர்ந்து வேலை செய்த கைகள். வாளி இறங்குகிற நேரம் அவனுக்குத் தெரிந்திருந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டினான்.

மத்தியானம் ரெமேய் எங்களை மேசைக்குக் கூப்பிட்டாள். வெள்ளை அவரைக்கொட்டையும், சுட்ட பன்றிக்கறி சாசேஜும், ரொட்டியும். செகிமோனுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தாள். அவன் உடம்பெல்லாம் சிமெண்டு என்று சொல்லி வாசற்படியில் உட்கார்ந்து தின்றான். அவள் இரண்டாவது தடவை அவரைக்கொட்டை கொண்டுவந்து வைத்தபோது பூண்டு மயோனைஸ் இரண்டு கரண்டி சேர்த்து வைத்ததை நான் பார்த்தேன்.

புதன் காலை ஓடையிலிருந்து தண்ணீர் இறைத்துக் குழியில் ஒன்றரை மீட்டர் நிறுத்தினோம். தண்ணீர் நின்ற இடத்தில் ரெமேய் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். ஒரு நாள் முழுக்க அப்படியே நிற்க வேண்டும் என்றாள். சொலேரில் அப்போது மூன்று விரல்தான் பாக்கி.

வியாழன் காலை தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

 ஜெனீஸ்தான் முதலில், சிமெண்டு கொஞ்சம் குடித்திருக்கும், அவ்வளவு பெரிய குழியில் இரண்டு விரல் ஒரு கணக்கா என்றான். நானும் தலையாட்டினேன். சனிக்கிழமைக்கு ஒரே நாள்தான் இடையில் இருந்தது.

“மச்சான், இது போதும்னு நீயே சொல்லு” என்றான் ஜெனீஸ்.

செகிமோன் ரெமேயைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனே சொல்லட்டும், தான் சொல்லக்கூடாது என்று இருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“ஒழுகுது” என்றான் செகிமோன். “எறைச்சு வெளிய விடு, ஒலெகேர். மறுபடி பாப்போம்.”

இறைத்தோம். கொட்டிலிலிருந்து வருகிற பழைய குழாய் நுழைகிற இடத்தில், தரையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு. ஈரம் காயும்போதுதான் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அந்தக் குழாயையே பிடுங்கி, அந்த ஓட்டையை மொத்தமாக அடைத்தான். இனிமேல் மேலே இருந்துதான் விட முடியும், பரவாயில்லை. நடுவில் அவன் மேலே ஓடிப்போய், எடை கூடிய தொண்ணூறு பன்றிகளைப் பத்து நாள் முன்கூட்டியே லாரியில் ஏற்றி அனுப்பினான். அத்தனை வயிறுகள் குறைந்தால் குழி ஏறுவது அந்த அளவுக்குத் தாமதப்படும் என்று கணக்கு. திரும்பி வந்தபோது கையில் ரத்தம். கிழிந்த விரிப்பைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறான். ரெமேய் ஒரு துணியைக் கொடுத்தாள். அவன் சுற்றிக்கொண்டான்.

மறுபடி தண்ணீர், மறுபடி கோடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் நாங்கள் நாலு பேரும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம். தண்ணீர் கோட்டின் மேலேயே நின்றது. ஒரு இழை இறங்கவில்லை. ரெமேய் குனிந்து, விரலால் சுண்ணக்கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“கொண்டு வா” என்றாள்.

பிரதேல் குழியில் நின்ற தண்ணீரை இறைத்து வெளியே விட்டோம். சொலேரில் அப்போது ஒரு விரல்தான் பாக்கி. கொட்டில் கதவுகளையெல்லாம் திறந்துவைத்துவிட்டுக் குழியைக் கலக்கினோம். அடியில் படிந்ததைக் கலக்கும்போது கிளம்புகிற வாயு ஆளை நின்ற நிலையில் சாய்த்துவிடும். குனிந்து பார்க்கக்கூடாது, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பிறகு ஓட்டம். என் டேங்கர் பதினாலு கன மீட்டர், அவனுடையது எட்டு. நான் இறங்கினால் அவன் ஏறுவான், வளைவில் ஒருவருக்கொருவர் ஒதுங்கிக் கை காட்டிக்கொள்வோம். பிரதேலில் ரெமேய் குழாயைப் பிடித்து மாட்டுவாள், பூட்டுக்கம்பியை அழுத்துவாள், திறப்பாள், காலியானதும் சொட்டு விழாமல் தூக்கிக் கொக்கியில் போடுவாள். கையுறையும் ரப்பர் கோட்டும் எருவாகி, முகத்திலும் தெறித்திருந்தது. ஒரு தடவை நான் கிண்டலாக, சமையலறைக்குப் போகும்போது இந்த வாசனையோடேயா என்றேன். நான் பிறந்த வாசனை இது, உன்னை விட்டால் யார் குறை சொல்வார்கள் என்றாள். அன்றைக்குப் பதின்மூன்று நடை. சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி தொடங்கினோம். பத்து மணிக்கு முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. பதினொன்றுக்குக் கொட்ட ஆரம்பித்தது. கடைசி நடை செகிமோனுடையது. அது இருபத்திரண்டாவது.

எல்லாம் முடிந்து குழாய்களைக் கழுவினபின் ஜெனீஸ் உள்ளே போய்விட்டான். நான் கொட்டகை ஓரத்தில் என் வண்டியின் வால்வைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் அதே கொட்டகைக்குள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினார்கள்.

“ரெமேய், வீட்டுக்கு வந்துரு” என்றான்.

மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ என்று நினைத்தேன்.

“உம்மேல கோவம் எப்பவோ போயிடுச்சு, செகிமோன். எந்த வருஷம் போச்சுன்னுகூட ஞாபகம் இல்ல. கோவம் போனா மறுநாளே பையைத் தூக்கிட்டு வந்துரணும்னு இருக்கா? எனக்கு இங்க ஒரு அடுப்பு இருக்கு. ஜெனீஸ் இருக்கான், குனிய முடியாதவன். காலைல எந்திரிச்சா என்ன செய்யணும்னு தெரியும்.”

“எனக்கும் தெரியும், என்ன செய்யணும்னு. செஞ்சுட்டு யார்கிட்டச் சொல்றதுன்னுதான் தெரியாது.”



“சாயங்காலம் உன் டிராக்டர் சத்தம் கேக்கும்” என்றாள். “எந்த வயல்ல ஓட்டறன்னு சத்தத்துலயே எனக்குத் தெரியும். ஒரு நாள் கேக்கலைன்னா, காய்ச்சலோ என்னவோன்னு நெனச்சுட்டே கோழிக்குத் தீனி போடுவேன். இத்தன வருஷமா அப்படித்தான்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“நீயும்தான் வந்து நின்னுருக்கலாம். பாட்டில எடுத்துட்டு எங்க வாசலத் தாண்டிப் போவ. தொப்பியத் தொடுவ. தொப்பியத் தொட்டா நான் என்ன பண்றது, ஜன்னலத் தொறந்து அதுக்குப் பதில் சொல்றதா?”

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. ஏதோ மெதுவாகச் சொன்னான். அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். ஆனால் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. அவன் தன் காலி டேங்கரை மழையில் மேலே ஓட்டிக்கொண்டு போனான். அவள் அந்தச் சத்தம் வளைவுகளில் ஏறி ஓயும்வரை கொட்டகையிலேயே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, வால்வு இன்னுமா சரியாகவில்லை என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பெய்த மழையில் ஓடை கரை புரண்டது. சொலேர் குழி வழியவில்லை. பிரதேல் குழிக்கு அவள் ஒரு பழைய விரிப்பைத் தேடிப் போர்த்தினாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊற்றுக்குப் போய்க் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். தெளிவாகத்தான் இருந்ததாம். தெளிவாக இருப்பதும் குடிக்க முடிவதும் வேறு வேறு. மார்ச் மாதத்துப் பாட்டிலுக்கு நூற்றிருபத்தாறு என்று வந்தது. அந்தத் தாளைச் செகிமோன் இந்த முறை கதவைத் தட்டி அவள் கையிலேயே கொடுத்தான். அவள் அதைப் படித்துவிட்டு, இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போது ஐம்பது வராது போலிருக்கிறது என்றாளாம். வராது என்று அவனும் ஒப்புக்கொண்டானாம். அதற்கப்புறம் அடுத்த மாதப் பாட்டிலை இருவரும் சேர்ந்து போய்ப் பிடித்தார்கள் என்று ஜெனீஸ் சொன்னான்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மண் காய்ந்தது. பிரதேல் வயலில் சோளம் விதைக்க ஆறு நாள் இருக்கும்போது வேலையை வைத்துக்கொண்டோம். மண் பரிசோதனை வந்திருந்தது. எக்டேருக்கு எவ்வளவு என்று செகிமோன் ஒரு தாளில் எழுதி டிராக்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தான். நான் குழியிலிருந்து நிரப்பிக்கொண்டு வயலோரத்துக்குக் கொண்டுவர வேண்டும், அங்கே அவன் டேங்கருக்கு மாற்ற வேண்டும், அவன் தொங்குகுழாய்க் கம்பியை விரித்து மண்ணில் விட்டுக்கொண்டே போவான். பின்னாலேயே ஒரு கூலிக்காரர் கலப்பை ஓட்டி மூடிவிடுவார். காற்று இல்லாத, மேகம் போட்ட காலை. இந்த வேலைக்கு அதுதான் நல்ல நாள்.

ஊற்றுப் பக்கத்து ஓரத்தில் எதுவரை விடக்கூடாது என்று ரெமேய் முந்தின நாளே குச்சிகள் நட்டிருந்தாள். இருந்தாலும் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். குச்சி வரிசையில் ஒரு இடத்தில் நிலம் சாய்கிறது, டிராக்டரில் உட்கார்ந்தால் தெரியாது, நானே ஏறிக் காட்டுகிறேன் என்றாள். டிராக்டர் கூண்டில் ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு சின்ன மடிப்பு இருக்கை உண்டு. செகிமோன் அதில் கிடந்த சாவிகளையும் கந்தையையும் எடுத்துப் பின்னால் போட்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் அவன் கியர்க்கம்பியில் இடித்தது. இருவருமே ஒதுங்கப் பார்த்தார்கள், இடம் இல்லை.

முதல் சாலில் அவள் கையை நீட்டி நீட்டி வழி காட்டுவது கண்ணாடி வழியே தெரிந்தது. சாய்வான இடம் தாண்டியது. வயலின் கோடியில் அவள் இறங்குவதற்காக அவன் நிறுத்தினான். கதவு திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து டிராக்டர் திரும்பி அடுத்த சாலில் வந்தது. இரண்டாவது சாலில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அது வயலின் நடு. அவள் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது சால், நாலாவது சால் என்று எண்ணினேன். என்னிடம் வந்து நிரப்பிக்கொள்ளும்போதும் அவன் மட்டும்தான் இறங்கி வந்தான், குழாயை மாட்டினான், காது சிவந்திருந்தது. 

பதினொன்றரை மணிக்குக் கடைசிச் சாலும் முடிந்தது. அவன் டேங்கர் காலி. கம்பியை மடித்தாயிற்று. நான் அடுத்த வயலுக்கான லோடை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தபோது டிராக்டர் வயலின் நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தது. கூண்டுக்குள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவன் கைகள் ஸ்டீயரிங் மேல் இருந்தன. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நிறுத்தி நிறுத்தி, வெளியே மண்ணைப் பார்த்தபடி. அவன் தலையை ஆட்டினான். அப்புறம் அவன் பேசினான், அவள் கேட்டாள்.

கலப்பைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, என்ன, வண்டி பழுதா என்றார். இல்லை என்றேன். அவர் மணியைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் பதினாலு கன மீட்டர் நிரம்பி நின்றது, மதியத்துக்குள் கீழ்வயலையும் முடித்தாக வேண்டும். ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஹார்ன் அடிக்கவில்லை.